கூடுதல் வசதிகளும் கார் வரியும்: எடையிலிருந்து விலைக்கு மாறிய தமிழ்நாட்டுச் சாலை வரி

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்தில் உள்ள ஆலத்தியூர், சுண்ணாம்புக்கல் நிலத்தின் மேல் அமைந்த ஊர். 1997இல் இங்கு சிமெண்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கிய பிறகு ஊரின் பெயர் வெளியே பரவலாகத் தெரிந்தது. இவ்வூர் வாகனங்களின் எண் பலகைகளைப் பார்த்தாலே மாவட்டப் பிரிவினையின் வரலாறு விளங்கும். 1995 வரை இப்பகுதி திருச்சிராப்பள்ளி மாவட்டம். அதன் குறி டிஎன் 45. பின்னர் பெரம்பலூர் மாவட்டம், டிஎன் 46. 2001இல் பிரிக்கப்பட்டு மறு ஆண்டே பெரம்பலூருடன் மீண்டும் இணைக்கப்பட்ட அரியலூர், 2007 நவம்பரில் நிலையான தனி மாவட்டமானது. இன்று புதிய வண்டிகள் டிஎன் 61 என்ற குறியைத் தாங்கி வருகின்றன.

எண் மாறிய இதே காலத்தில், அந்த எண்ணைப் பெறுவதற்காகச் செலுத்தப்படும் வரியின் அடிப்படையும் மாறியது. முன்பு வண்டியின் எடையைப் பார்த்து வரி விதித்தார்கள். இப்போது விலையைப் பார்த்து விதிக்கிறார்கள். இதனால் புதிய கார் வாங்குபவர் முன் ஒரு கேள்வி நிற்கிறது. சன்ரூஃப், அலாய் சக்கரம், பெரிய தொடுதிரை, கூடுதல் ஏர்பேக் ஆகியவற்றைச் சேர்த்து வாங்கினால் காரின் அரசுச் சான்றில் உள்ள புகை அளவு மாறுமா? சாலை வரி மாறுமா? தமிழ்நாட்டில் முதல் கேள்விக்கு விடை பெரும்பாலும் ‘இல்லை’. இரண்டாவதற்கு ‘ஆம், சில நேரம் மிகப் பெரிதாக’. ஐரோப்பாவில் 2017க்குப் பிறகு இரண்டுக்கும் விடை ‘ஆம்’. இந்த வேறுபாடு எப்படி உருவானது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எடைக்கு வரி

சென்னை மாகாணத்தில் மோட்டார் வாகனங்களுக்கென ஒரே சீரான வரியை 1931ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் கொண்டுவந்தது. உள்ளாட்சிகள் ஆங்காங்கே வசூலித்துவந்த சுங்கத்துக்கும் வரிக்கும் மாற்றாக இது அமைந்தது. அதன் இடத்தில் வந்த 1974ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டமே, பல திருத்தங்களுடன், இன்றும் நடைமுறையில் உள்ளது.

இச்சட்டங்களின் தொடக்க கால நோக்கு எளிமையானது. வண்டி சாலையைத் தேய்க்கிறது. எவ்வளவு கனமோ அவ்வளவு தேய்மானம். ஆகவே கனத்துக்கு ஏற்ற வரி. சரக்கு லாரிக்குச் சுமையோடு சேர்ந்த மொத்த எடை, பேருந்துக்கு இருக்கைகளின் எண்ணிக்கை, காருக்கு வெற்று எடை என்று அளவுகோல்கள் இருந்தன. 700 கிலோவுக்கு உட்பட்ட கார், 700 முதல் 1,500 கிலோ வரையிலான கார், அதற்கு மேற்பட்டவை என்று படிகள் வகுக்கப்பட்டிருந்தன. ஆலத்தியூர் ஆலையிலிருந்து மூட்டைகளை ஏற்றிச் செல்லும் லாரிகளுக்கு இன்றும் எடையே கணக்கு. காலாண்டுக்கு ஒருமுறை வரி கட்ட வேண்டும். சிமெண்ட் லாரிகள் ஓடும் சாலைகளின் நிலையைப் பார்த்தவர்களுக்கு இந்த அளவுகோலின் நியாயத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை.

எடை அளவுகோல் இருந்தவரை கூடுதல் வசதிகள் காரின் வரியைப் பெரிதாகத் தொடவில்லை. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800ஐ எடுத்துக்கொள்ளலாம். சாதாரண வகையும் ஏசி பொருத்திய வகையும் விற்பனையில் இருந்தன. விலையில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு. எடையிலோ சில பத்துக் கிலோ. 700 கிலோ என்ற படியைத் தாண்டாத வரை ஏசி வாங்கியவரும் வாங்காதவரும் ஒரே வரியைக் கட்டினர்.

விலைக்கு வரி

ஆண்டுதோறும் வரி கட்டும் முறை போய், சொந்தப் பயன்பாட்டுக் கார்களுக்கு வாங்கும்போதே ஒரே தவணையில் கட்டும் ஆயுட்கால வரி வந்தது. அதன் அடிப்படையும் பின்னர் எடையிலிருந்து விலைக்கு மாறியது. 10 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள காருக்கு 10 விழுக்காடு, அதற்கு மேல் 15 விழுக்காடு என்ற இரண்டு படிகளே நெடுநாள் இருந்தன. 2023 அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம் நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தபோது படிகள் நான்காயின. 5 லட்சம் வரை 12 விழுக்காடு. 5 முதல் 10 லட்சம் வரை 13. 10 முதல் 20 லட்சம் வரை 18. 20 லட்சத்துக்கு மேல் 20 விழுக்காடு.

இங்கு கவனிக்க வேண்டியது, இவை வருமான வரிப் படிகளைப் போன்றவை அல்ல என்பது. வருமான வரியில் எல்லையைத் தாண்டிய தொகைக்கு மட்டுமே உயர்ந்த விகிதம் பொருந்தும். கார் வரியில் எல்லையை ஒரு ரூபாய் தாண்டினாலும் முழு விலைக்கும் உயர்ந்த விகிதம் பொருந்துகிறது. கணக்குக்காக 9,90,000 ரூபாய் விலையுள்ள ஒரு காரை எண்ணிக்கொள்வோம். 13 விழுக்காட்டில் வரி 1,28,700 ரூபாய். அதே காரில் 20,000 ரூபாய் கூடுதல் வசதி சேர்ந்த வகையை வாங்கினால் விலை 10,10,000 ஆகிறது. வரி 18 விழுக்காட்டில் 1,81,800 ரூபாய். இருபதாயிரம் ரூபாய் வசதிக்காகக் கூடுதலாகக் கட்டும் வரி 53,100 ரூபாய்! பழைய இரண்டு படி முறையிலும் இதே கணக்கு 52,500 ரூபாயைத் தந்திருக்கும். ஆகவே இந்தப் படிக்கட்டு 2023இல் புதிதாகக் கட்டப்பட்டதன்று. 20 லட்சம் எல்லையிலும் இதே நிலைதான். 5 லட்சம் எல்லையில் மட்டும் படி தாழ்வானது; விகிதம் ஒரு விழுக்காடுதான் ஏறுகிறது.

கார் வாங்க இயலாதவர்களுக்கும் இதில் பங்குண்டு. அதே திருத்தம் இருசக்கர வாகனங்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை 10 விழுக்காடு, அதற்கு மேல் 12 விழுக்காடு என்று வகுத்தது. 98,000 ரூபாய் வண்டிக்கு வரி 9,800. டிஸ்க் பிரேக் சேர்ந்து 1,02,000 ரூபாயானால் 12,240.

இந்தியாவில் கூடுதல் வசதிகள் விற்கப்படும் முறை இந்தப் படியை இன்னும் செங்குத்தாக்குகிறது. ஐரோப்பாவில் வாங்குபவர் ஒரு பட்டியலிலிருந்து ஒவ்வொரு வசதியாகத் தேர்ந்தெடுத்துத் தொழிற்சாலைக்குச் சொல்லலாம். இங்கு வசதிகள் மூட்டையாகக் கட்டப்பட்டு எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ போன்ற வகைகளாக வருகின்றன. ஆறு ஏர்பேக் வேண்டுமென்றால் கூடவே சன்ரூஃபையும் வாங்க நேரிடலாம். மாறாக, விற்பனையகத்தில் தனிச் சீட்டில் வாங்கும் இருக்கை உறை, மிதியடி, பின்பக்க கேமரா போன்றவை நடைமுறையில் வண்டியின் விலைச்சீட்டுக்கு வெளியே நிற்கின்றன. வரிக் கணக்கில் பெரும்பாலும் சேர்வதில்லை. ஒரே கேமரா, தொழிற்சாலையில் பொருத்தினால் வரிக்கு உட்பட்டது, கடையில் பொருத்தினால் உட்படாதது.

பாதுகாப்புக் கருவிகளைப் பொறுத்தவரை இந்த வரிமுறை கேள்விக்குரியது. ஓட்டுநர் ஏர்பேக் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். முன் இருக்கைப் பயணிக்கான ஏர்பேக் 2021இல் கட்டாயமானது. அதுவரை இவை பல சிறிய கார்களில் கூடுதல் பணம் கொடுத்து வாங்க வேண்டிய வசதிகளாக இருந்தன. அப்படி வாங்கியவரிடம் அந்த ஏர்பேக்கின் விலைக்கும் சேர்த்தே சாலை வரி வசூலிக்கப்பட்டது. உயிரைக் காக்கும் கருவியையும் தோல் உறை போட்ட இருக்கையையும் விலை அடிப்படையிலான வரி ஒரே கண்ணால்தான் பார்க்கிறது.

புகைச் சான்றின் கதை

வரியை மாநில அரசு விதிக்கிறது. அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் வாகன வரி உள்ளது. புகைக்கான வரம்பை ஒன்றிய அரசு வகுக்கிறது. இரண்டும் வெவ்வேறு அலுவலகங்களில் பிறந்து, வெவ்வேறு தாள்களில் எழுதப்பட்டு, வாங்குபவரின் கோப்பில் மட்டுமே சந்திக்கின்றன.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுக்குப் பின், 1991இல் பெட்ரோல் வண்டிகளுக்கும் 1992இல் டீசல் வண்டிகளுக்கும் புகை வரம்புகள் வந்தன. 1995 ஏப்ரலில் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் மட்டும் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி எனப்படும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமாக்கப்பட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் அக்கருவியைக் கெடுத்துவிடும் என்பதால், ஈயமற்ற பெட்ரோல் கிடைத்த நகரங்களுக்கு மட்டும் இந்த ஏற்பாடு. ஆக, அவ்வாண்டு சென்னையில் பதிவான காருக்குக் கட்டாயமாக இருந்த கருவி, புதிதாகப் பிறந்திருந்த பெரம்பலூர் மாவட்டத்தில் பதிவான அதே காருக்குக் கட்டாயமில்லை. ஈயமற்ற பெட்ரோல் நாடு முழுவதும் வந்தது 2000 பிப்ரவரியில்.

இந்த ஊர் வேறுபாடு பின்னும் நீடித்தது. பாரத் ஸ்டேஜ் 4 வரம்பு 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் தொடங்கி, 2017 ஏப்ரலில்தான் நாடு முழுமைக்குமானது. ஐந்தாம் படியைத் தாவி, 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 எல்லா ஊருக்கும் ஒன்றாக வந்தது.

சான்று பெறுவதற்கான சோதனை புனேயில் உள்ள ஏஆர்ஏஐ, சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள சோதனை மையம் போன்ற இடங்களில் நடக்கிறது. காரை உருளைகள் மேல் நிறுத்தி, வரையறுத்த வேக அட்டவணைப்படி ஓட்டி, வெளிவரும் வாயுவைப் பைகளில் பிடித்து அளக்கிறார்கள். இந்தியா பின்பற்றிய மாற்றியமைக்கப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி, ஐரோப்பாவின் பழைய என்இடிசி சுழற்சியைத் தழுவியது. உச்ச வேகத்தை மட்டும் மணிக்கு 120 கிலோமீட்டரிலிருந்து 90 ஆகக் குறைத்தது.

கூடுதல் வசதிகள் சான்றில் ஏன் தெரிவதில்லை என்பதற்கான விடை உருளையின் அமைப்பில் இருக்கிறது. உருளை காரின் எடையைப் போலவே எதிர்ப்புக் காட்ட வேண்டும். ஆனால் பழைய முறையில் அந்த எடை கிலோ கிலோவாக மாறுவதில்லை, படிகளாக மாறுகிறது. சோதனைக்கான எடை 965 முதல் 1,080 கிலோவுக்குள் இருந்தால் உருளை 1,020 என்று வைக்கப்படும். 1,080ஐத் தாண்டி 1,190 வரை 1,130. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே சுமார் 110 கிலோ. கண்ணாடிக் கூரையும் பெரிய சக்கரமும் சேர்ந்து முப்பது நாற்பது கிலோ கூட்டினாலும் கார் அதே படிக்குள் இருந்துவிட்டால் சோதனைக்கு அந்த எடை தெரியவே தெரியாது. ஏசியும் அணைக்கப்பட்டே இருக்கும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாமல் அரியலூரிலிருந்து செந்துறை வரை போய்வருபவர் எத்தனை பேர் என்று சோதனைக்கூடம் கேட்பதில்லை.

கார்பன் டை ஆக்சைடு வேறொரு வழியில் கணக்கிடப்படுகிறது. 2017-18 முதல் நடைமுறையில் உள்ள கஃபே விதி, ஒரு நிறுவனம் ஓராண்டில் விற்ற எல்லாக் கார்களின் சராசரிக்கு வரம்பு வைக்கிறது. முதல் கட்டத்தில் சராசரி எடை 1,037 கிலோ என்று கொண்டு கிலோமீட்டருக்கு 130 கிராம். 2022-23 முதல் 113 கிராம். சராசரி எடை கூடினால் நிறுவனத்துக்கான வரம்பும் சற்றுத் தளரும். இது உற்பத்தியாளரின் கணக்கு. வாங்குபவரின் சாலை வரிச் சீட்டில் இதற்கு இடமில்லை.

ஐரோப்பா ஒரே எண்ணில் கட்டியது

பிரிட்டன் 2001 மார்ச்சில் புதிய கார்களின் ஆண்டு வரியைக் கார்பன் டை ஆக்சைடு அளவோடு இணைத்தது. பிரான்ஸ் 2008இல் புகை குறைந்த காருக்குச் சலுகையும் கூடிய காருக்குத் தண்டமும் விதித்தது. வரி சான்றில் உள்ள ஒரு எண்ணைச் சார்ந்தபோது அந்த எண்ணைக் குறைத்துக் காட்டும் ஆசையும் பிறந்தது. மேலே சொன்ன எடைப் படிகளும் சோதனையின் தளர்வுகளும் அதற்குத் துணைபோயின. போக்குவரத்து ஆய்வு அமைப்பான ஐசிசிடி கணக்கிட்டபடி, சான்றிலுள்ள அளவுக்கும் சாலையில் உண்மையாக வெளிவரும் அளவுக்குமான இடைவெளி 2001இல் சுமார் 9 விழுக்காடு. 2015இல் 42 விழுக்காடு. அதே 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் மோசடி அமெரிக்காவில் வெளிப்பட்டது. அது நைட்ரஜன் ஆக்சைடு பற்றியது என்றாலும், சோதனைக்கூட எண்கள் மீதான நம்பிக்கையை மொத்தமாகக் குலைத்தது.

ஏற்கனவே தயாராகிவந்த டபிள்யூஎல்டிபி என்ற உலகச் சோதனை முறையை ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பரில் புதிய மாதிரிகளுக்கும், 2018 செப்டம்பரில் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கியது. பழைய சுழற்சி 11 கிலோமீட்டர், சுமார் 20 நிமிடம். புதியது 23 கிலோமீட்டருக்குச் சற்று மேல், 30 நிமிடம், உச்ச வேகம் 131.

நமது பொருளுக்கு முக்கியமானது அதன் இன்னொரு விதி. ஒரு மாதிரியில் மிகக் குறைந்த ஆற்றல் தேவைப்படும் காரையும் மிகக் கூடுதலாகத் தேவைப்படும் காரையும் சோதிக்கிறார்கள். இடைப்பட்ட ஒவ்வொரு காருக்கும் மூன்று செய்திகளை வைத்துத் தனித்தனியே அளவு கணக்கிடப்படுகிறது: எடை, காற்றுத் தடை, டயரின் உருளல் தடை. ஆகவே அகலமான டயர் கேட்டால் அந்தக் காரின் எண் மட்டும் ஏறும். சன்ரூஃப் எடையாலும், கூரைமேல் சுமைதாங்கி காற்றுத் தடையாலும் எண்ணை ஏற்றும். ஒரே தெருவில் நிற்கும் ஒரே மாதிரிக் கார்கள் இரண்டுக்கு வெவ்வேறு சான்று.

பிரிட்டன் 2020 ஏப்ரலில் இந்த எண்களை வரிக்கு ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டின் முதலாண்டு வரி 131 முதல் 150 கிராம் வரை 215 பவுண்டு. 151 முதல் 170 வரை 540 பவுண்டு. 149 கிராமில் இருந்த காரைப் பெரிய சக்கரங்கள் 152க்குத் தள்ளினால் அவற்றின் விலையோடு 325 பவுண்டு வரியும் சேரும். விலை சார்ந்த எல்லை அங்கும் உண்டு. 2017 முதல், கூடுதல் வசதிகள் உட்படப் பட்டியல் விலை 40,000 பவுண்டைத் தாண்டிய காருக்கு ஐந்தாண்டுகள் துணைவரி விதிக்கப்பட்டது. நம் பத்து லட்ச ரூபாய்க் கோட்டுக்கு அதுவே உறவுமுறை. லண்டனில் கார் வாங்கும் தமிழ்க் குடும்பம் இரண்டு கோடுகளையும் பார்த்து நடக்க வேண்டும். ஆலத்தியூர்க் குடும்பத்துக்கு ஒன்று போதும்.

பிரான்ஸ் ஒரு சுற்று சுற்றி எடைக்கே திரும்பியது. 2022 முதல் 1,800 கிலோவைத் தாண்டும் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 யூரோ தண்டம். 2024இல் அந்த எல்லை 1,600 கிலோவாக இறக்கப்பட்டது. அந்த எடைக்கு மேற்பட்ட காரில் 30 கிலோ கண்ணாடிக் கூரை சேர்த்தால் 2022 கணக்குப்படி 300 யூரோ. தமிழ்நாடு பழைய முறை என்று கைவிட்ட தராசைப் பாரிஸ் கையில் எடுத்திருக்கிறது.

நான்கு மீட்டர் எல்லை

சாலை வரிக்கு முன்பே காரின் விலைக்குள் இன்னொரு வரி ஒளிந்திருக்கிறது. ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்த 2006ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம், 4,000 மில்லிமீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் அல்லது 1,500 சிசிக்கு மிகாத டீசல் எஞ்சினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரியை 24இலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. அதன்பின் காரின் வால் வெட்டுப்படத் தொடங்கியது. 4,160 மில்லிமீட்டராக இருந்த ஸ்விஃப்ட் டிசையர் 2012இல் 3,995 ஆகச் சுருங்கியது. 2025 செப்டம்பர் 22இல் மாறிய ஜிஎஸ்டி விகிதங்களிலும் இதே எல்லைதான்: உள்ளே இருந்தால் 18 விழுக்காடு, வெளியே போனால் 40.

நீளமும் எஞ்சினும் மாறாதவரை கூடுதல் வசதி எதுவும் இந்த விகிதத்தை மாற்றாது. ஆனால் வசதியின் விலைமீதும் இதே ஜிஎஸ்டி ஏறும். புகையைப் பொறுத்தவரை எஞ்சின் கொள்ளளவு ஓரளவு குறிப்புக் காட்டும். நீளத்துக்கும் புகைக்கும் நேர் உறவு கிடையாது.

எரிபொருளைப் பார்த்தாவது சாலை வரியை வேறுபடுத்தும் மாநிலங்கள் உண்டு. மகாராட்டிரத்தில் ஒரே விலையுள்ள பெட்ரோல் காரைவிட டீசல் காருக்கு விகிதம் கூடுதல். தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் படி ஒன்றே. பதினைந்து ஆண்டு கடந்த சொந்தக் கார்களுக்கு விதிக்கப்படும் பசுமை வரிகூட வண்டியின் வயதைப் பார்க்கிறதே தவிர, அது வெளிவிடும் புகையை அளந்து பார்ப்பதில்லை.

வாங்கிய பிறகு சேர்ப்பவை

பதிவுக்குப் பின் செய்யும் மாற்றங்களை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களிலிருந்து வண்டியின் அமைப்பு மாறக் கூடாது. சிஎன்ஜி அல்லது எல்பிஜி கிட் பொருத்தினால் அங்கீகரிக்கப்பட்ட கருவியாக இருக்க வேண்டும். ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டிப் பதிவுச் சான்றில் எரிபொருளை மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். முன்புறம் பொருத்தும் இரும்புத் தடுப்புச் சட்டங்கள் இப்பிரிவுக்கு எதிரானவை என்று ஒன்றிய அரசு 2017 டிசம்பரில் அறிவித்தது. பாதசாரிக்கு ஆபத்து, ஏர்பேக் சரியாக இயங்காமல் போகும் என்பவை அதற்கான காரணங்கள்.

தமிழ்நாட்டில் புகையும் சாலை வரியும் நேரடியாகச் சந்தித்த இடம் மின்வாகனம். 2019ஆம் ஆண்டின் மின்வாகனக் கொள்கை மின்கலத்தில் ஓடும் வண்டிகளுக்குச் சாலை வரியில் முழு விலக்கை அறிவித்தது. 2023ஆம் ஆண்டின் கொள்கை அதை 2025 இறுதி வரை நீட்டித்தது. அந்த விலக்குக் காலத்தில் மின்கார் வாங்கியவர் சன்ரூஃபும் பெரிய சக்கரமும் சேர்த்து 10 லட்சத்தையோ 20 லட்சத்தையோ தாண்டினாலும் வரி சுழியம். மின்கலத்தின் கனத்தால் அத்தகைய கார் தன் பெட்ரோல் உடன்பிறப்பைவிட நூற்றுக்கணக்கான கிலோ கூடுதலாக எடையுடையது. பழைய எடைப் படிகள் இருந்திருந்தால் அதற்கே வரி அதிகம் விழுந்திருக்கும்.